தோலோடு புதைத்த காளை

என்னைப் பேசக் கூப்பிட்டதற்கு நன்றி என்று ஆரம்பித்தால் அடுத்த நிமிஷமே கொட்டாவி விடுவீர்கள். எனக்குத் தெரியும், நானும் உங்கள் வயதில் பின்வரிசையில் உட்கார்ந்து தூங்கியவன்தான். அதனால் நேராக என் தப்பிலிருந்தே தொடங்குகிறேன். ரிட்டையர் ஆனவர்கள் எல்லோரும் தாங்கள் பிழைக்கவைத்த மாடுகளைப் பற்றிச் சொல்வார்கள். நான் ஒரு மனிதரைச் சாகக் கொடுக்க இருந்ததைச் சொல்கிறேன். அவர் பிழைத்தார். காப்பாற்றியது நான் இல்லை.

நீங்கள் எல்லோரும் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் கால்நடை டாக்டர்கள். மாடு ஒரு இலாகா, மனிதன் ஒரு இலாகா, குட்டைத் தண்ணீரும் மண்ணும் இன்னொரு இலாகா என்று உங்கள் ஆர்டரில் பிரித்துப் போட்டிருப்பார்கள். அந்த ஆர்டரின் நகல் நோய்க்குப் போய்ச் சேருவதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் வெள்ளகோவில் பக்கம்தான் எனக்கு முதல் தனிப் பொறுப்பு. ஒரு ஓட்டு வீடு, ஒரு சைக்கிள், ஒரு மருந்துப் பெட்டி, அதைவிடப் பெரிய தலைக்கனம். மதராசில் படித்துவிட்டு வந்தவன் அல்லவா! ஊர்க்காரர்கள் 'மாட்டு டாக்டருங்க' என்று கும்பிடும்போது, கழுத்து தானாகவே கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும்.

அந்தப் பக்கம் மழை கம்மி. மேட்டு நிலத்தைச் சுற்றிக் கிளுவை முள்ளால் உயிர்வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து, மாடுகளை விட்டு அடைத்துவிடுவார்கள். அதற்குக் கொறங்காடு என்று பெயர். செல்லாத்தாள் என்ற அம்மாளுக்கு அப்படி ஒரு பெரிய கொறங்காடும், அதன் ஓரத்தில் ஒரு குட்டையும் இருந்தன. புருஷன் இறந்த பிறகு பண்ணையத்தைத் தனியாகவே பார்த்தவர். அவர் தொழுவத்தில் நின்ற பொலிகாளையைப் பார்க்கவே சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். அத்தனை ஊர்ப் பசுக்களுக்கும் அந்த ஒரு காளைதான். செல்லாத்தாள் அதைச் 'சாமி' என்று சொல்வாரே தவிர, மாடு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

சித்திரை மாதம் ஒரு காலையில் அவருடைய உழவெருது ஒன்று கொறங்காட்டில் குட்டை ஓரமாகச் செத்துக் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம்வரை நன்றாக மேய்ந்த எருது. மூக்கில் ரத்தம். நான் போய்ச் சேர்வதற்குள் பெரிய கூட்டம் கூடியிருந்தது. பங்காளி வீட்டோடு வேலித் தகராறு நடந்துகொண்டிருந்த சமயம் அது. அரளி விதையை அரைத்து வைத்துவிட்டார்கள் என்று ஒரே பேச்சு. இரண்டு வீட்டு ஆட்களும் கையில் தடியோடு நின்றார்கள்.

"ஏனுங்க, இன்னிக்கே எனக்குத் தெரிஞ்சாகோணும். விசமா, நோயான்னு அறுத்துப் பாத்துச் சொல்லுங்க. இல்லீனா பொழுதுக்குள்ள இங்க வெட்டுக்குத்து ஆயிருமுங்க" என்றார் செல்லாத்தாள்.

மூக்கில் ரத்தத்தோடு திடீரென்று விழுந்த மாட்டை அறுக்காதே என்று எங்கள் வாத்தியார்கள் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆந்த்ராக்ஸ் என்கிற அடைப்பான் நோயாக இருந்தால், அறுத்த இடத்தில் சிந்தும் ரத்தத்திலிருந்து நோய்வித்து மண்ணுக்குள் போய் வருஷக்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு காதின் நுனியைக் கீறி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிக் கோயமுத்தூருக்கு அனுப்பினால் போதும். ஆனால் பதில் வர மூன்று நாள் ஆகும். நூறு பேர் சுற்றி நிற்கிறார்கள். 'மூன்று நாள் பொறுங்கள்' என்று சொன்னால் இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றுதானே நினைப்பார்கள்? அந்த ஒரு நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது. வெட்டுக்குத்தைத் தடுக்கத்தான் அறுத்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி உண்மை அது. மீதிப் பாதி, வாத்தியாராட்டம் நின்று விளக்கம் சொல்லும் ஆசை.

செத்த மாட்டைத் தூக்குவதும் தோலை உரிப்பதும் சேரியிலிருந்த மாரன் வீட்டு வேலை. தோல் அவர்கள் உரிமை. அந்தத் தோலில்தான் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் பறியைத் தைத்துப் பண்ணையங்களுக்குக் கொடுப்பார்கள், மிச்சத்தை ஈரோட்டுக்கு விற்பார்கள். மாரன் அன்று தோலை உரித்து, நான் காட்டிய இடத்தில் அறுத்தார். இன்று 'அவர்' என்று சொல்கிறேன். அன்று ஊரோடு சேர்ந்து நானும் 'அவன்' என்றுதான் சொன்னேன்.

வயிற்றைத் திறந்து மண்ணீரலைப் பார்த்தேன். இரண்டு மடங்கு வீங்கி, கறுத்து, தார் மாதிரி இருந்தது. அடைப்பானேதான். ரத்தம் குட்டைக் கரையில் ஓடிக் கொண்டிருந்தது. மாரனின் கை முழங்கை வரைக்கும் நனைந்திருந்தது.

"விசம் இல்லீங்க, நோய்தான்" என்று சத்தமாகச் சொன்னேன். கூட்டம் மூச்சு விட்டது. தடிகள் இறங்கின. பங்காளி வீட்டுப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன நோய் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அடுத்த கேள்வி 'அப்புறம் ஏனுங்க அறுத்தீங்க' என்பதாகத்தானே இருக்கும். குழி தோண்டிப் புதைக்கச் சொன்னேன், கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். மாரன் மட்டும் என்னிடம் வந்து தள்ளி நின்று கேட்டார்.

"சாமி, தோலெ எடுத்துக்கலாமுங்களா?"

எரித்துப்போடு என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். "நல்லா வெயில்ல காயப்போட்டு எடுத்துக்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிவிட்டேன். வெயிலில் அந்த வித்து சாகாது என்பது அன்றும் எனக்குத் தெரியும். ரிப்போர்ட்டிலும் 'திடீர் மரணம்' என்று எழுதிப் பூசி மெழுகினேன்.

ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். மற்ற மாடுகளுக்குப் போட, முன்னெச்சரிக்கைக்கு என்று சொல்லி, அடைப்பான் சீரம் வேண்டுமென்று அன்றே தந்தி கொடுத்தேன். ஒரு சிறிய பார்சல் வந்தது. செத்த எருதோடு மேய்ந்த மாடுகளுக்கெல்லாம் போட்டுவிட்டு, வேறு எதாவது விழுந்தால் போடுவதற்கென்று இரண்டு புட்டிகளை மீதி வைத்தேன். குளிர்ச்சியான இடம் என் ஓட்டு வீட்டில் ஏது? செல்லாத்தாள் வீட்டில் தண்ணீர்ப் பானைக்கு அடியிலிருந்த ஈர மணலில் அவற்றைப் புதைத்து வைத்தோம். காளை தனித் தொழுவத்தில் நின்றதால் அதற்குப் போடவில்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் ஆள் வந்தது. காளை தீனி எடுக்கவில்லை, உடம்பு கொதிக்கிறது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறேன், எதிரே ஒரு வில்வண்டி வந்து நின்றது. குடையை மடக்கிக்கொண்டு ஒரு அம்மாள் இறங்கினார். கட்டைகுட்டையான உருவம், புழுதியில் செம்பட்டையான சேலை, கண்ணாடிக்குள் தூக்கமில்லாத கண். தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்து கொஞ்ச நாளே ஆகியிருந்த டாக்டரம்மா. எட்டு மைல் வெயிலில் வந்திருக்கிறார்.

"மாட்டு டாக்டர் நீங்கதானுங்களா? இங்க போன வாரம் எதாச்சும் மாடு செத்துதுங்களா?"

தம்பிகளா, அம்மணிகளா, அதற்குப் பிறகு நான் எத்தனையோ மனித டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். தன் நோயாளிக்காக ஒரு மாட்டின் சாவை விசாரிக்க வண்டி கட்டிக்கொண்டு வந்தவரை அவருக்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் வெகு காலம் பார்க்கவில்லை. 'மாட்டு டாக்டரைத் தேடிப் போன டாக்டரம்மா' என்று ஆஸ்பத்திரியில் அவரைக் கேலிகூடச் செய்தார்களாம். போங்கய்யா, கேலி செய்கிறவர்களுக்கு என்ன தெரியும்!

அவர் சொன்னார். நேற்று ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்திருக்கிறார்கள். முன்கையில் ஒரு புண், நடுவில் கரி மாதிரி கறுப்பு, வலியே இல்லை. ஆனால் வீக்கம் தோள்வரை ஏறிவிட்டது, காய்ச்சல் அனலாகக் காய்கிறது. பூச்சிக்கடி என்று யாரோ பச்சிலை கட்டியிருக்கிறார்கள். டாக்டரம்மா புண்ணைப் பார்த்தார், பிறகு கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார், நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். தோல் வேலை என்று பதில் வந்ததும் வண்டி கட்டச் சொல்லிவிட்டார்.

"பேரு மாரனுங்க" என்றார்.

இப்போதும் ஒரு பொய் கைவசம் இருந்தது. மாடு செத்தது, என்ன நோயென்று தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கண்கள் என்னைக் குற்றம் பிடிக்க வந்தவையாகத் தெரியவில்லை. அவருக்கு ஒரு விவரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அறுத்தது, தெரிந்தது, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டது, தோல்.

அவர் திட்டவில்லை.

"உங்ககிட்ட சீரம் இருக்குதுங்களா?"

"மாட்டுச் சீரமுங்க."

"மனுசனுக்குன்னு இருக்கறது மதராசுல. தந்தி குடுத்தாச்சு. வந்து சேர நாலஞ்சு நாளாகுமுங்க. அவருக்கு அத்தன நாளு இல்லீங்க."

"மாட்டுதெ மனுசனுக்குப் போட்டா..."

"ஒத்துக்காமப் போயி அதுலயே சாகலாம். போடலீன்னா சாவு நிச்சயம். மொதல்ல தோலுக்கடியில ஒரு சொட்டுப் போட்டுப் பாக்கறனுங்க. பொறுப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்தர்றேன். உங்களுக்கு ஒண்ணும் வராது."

என் வேலைக்கு ஒன்றும் வராது என்றுதான் சொன்னார். எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. இருப்பது இரண்டே புட்டி. இரண்டையும் ஒரே உடம்புக்குப் போட்டால்தான் பலன். அங்கே காளை கொதித்துக்கொண்டு நிற்கிறது. அரசாங்கம் கால்நடைக்கென்று கொடுத்த மருந்து. அது இருப்பது காளைக்குச் சொந்தக்காரியின் வீட்டில்.

இருவரும் வில்வண்டியிலேயே போனோம். செல்லாத்தாள் தொழுவத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் ஊசி போட வருகிறேன் என்று முகம் மலர்ந்தது. டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. என்னையும் முந்திக்கொள்ள விடவில்லை.

"அம்மிணி, அந்த ரெண்டு புட்டி மருந்தெ மாரனுக்குப் போட வாங்கீட்டுப் போக வந்தமுங்க. அது இல்லீன்னா உங்க காளை பொழைக்கறது செரமம். அதெயும் சொல்லிப் போடறனுங்க."

செல்லாத்தாள் வெடித்தார். "மாட்டு மருந்த மனுசனுக்குப் போடற கூத்து எங்கியாச்சும் உண்டுங்களா? என்ற சாமி அங்க நுரை தள்ளீட்டு நிக்குது! ஊரு ஊரா இதெ நம்பீட்டுப் பசுவெ வெச்சிருக்கறாங்க! அவனுக்கு வைத்தியம் பண்ண உங்க ஆஸ்பத்திரியில மருந்தில்லீங்களா? ஏனுங்க மாட்டு டாக்டரே, நீங்க பேசாம நிக்கறீங்க?"

பேசினேன். "அம்மா, அது அடைப்பானுங்க. அன்னிக்கே எனக்குத் தெரியும். நான்தான் அறுக்க வெச்சேன்" என்றேன்.

அவர் தொழுவத்துக்குள் போனார். காளையின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். நாங்கள் வெளியே நின்றோம். டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. பிறகு செல்லாத்தாள் வீட்டுக்குள் போய், மணல் ஒட்டிய இரண்டு புட்டிகளையும் முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"எடுத்துட்டுப் போங்க. அறுத்துப் பாருங்கன்னு ஒத்தக் கால்ல நின்னது நானுங்க. காளை பொழச்சு அவன் போயிட்டான்னா, அவன் பொண்டாட்டி மூஞ்சீல நான் எப்புடி முழிப்பேன்?"

சொல்லிவிட்டுத் தொழுவத்துக்கே திரும்பிப் போய்விட்டார். அந்தக் காலத்தில், அந்த ஊரில், ஒரு பண்ணையக்கார அம்மாள் சேரியில் இருக்கும் ஒருவருக்காகத் தன் காளையை விடுவது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு விளங்குமோ என்னவோ. அவர் பெரிய மனசோடு தர்மம் செய்யவில்லை. தன் பங்குத் தப்பைத் தன்னுடையது என்று ஒத்துக்கொண்டார், அவ்வளவுதான். படித்த எனக்கு அதற்கு ஒரு வாரம் ஆயிற்று. அவருக்கு ஒரு நாழிகைகூட ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் மாரன் பாயில் கிடந்தார். கழுத்துவரை வீங்கி முகமே அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் அவர் மனைவி ராமாயி. டாக்டரம்மா ஒரு சொட்டுப் போட்டுவிட்டு அரை மணி நேரம் முக்காலியில் உட்கார்ந்து அந்த இடத்தையே பார்த்தார். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, முதல் புட்டியை ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் மாரனுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, பற்கள் கிட்டிக்கொண்டன. ஐயோ, கொன்றுவிட்டோம் என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா அவர் நாடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நடுக்கம் அடங்கியது. இரண்டாவது புட்டியையும் ஏற்றினார். அந்தத் துணிச்சலை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அப்புறம் என்னைப் பார்த்துத் திரும்பினார். "நீங்க இங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? அந்தத் தோலு எங்க போச்சுன்னு கேளுங்க."

ராமாயி சொன்னார். வீட்டு வாசலில் மூன்று நாள் காயப்போட்டு, ஈரோட்டுத் தோல்மண்டி ராவுத்தருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த வாசலில்தான் குழந்தைகள் விளையாடியிருக்கிறார்கள். அவர்களை அழைத்து வந்து காட்டச் சொன்னார் டாக்டரம்மா. பிறகு அவர் கேட்டதுதான் எனக்குத் தோன்றாமலே போன கேள்வி.

"அந்த எருதுக்கு நோயி எங்கிருந்துங்க வந்துது?"

நான் யோசித்துப் பார்த்தேன். வெளியூர் மாடு எதுவும் வரவில்லை. தீவனம் அதே கொறங்காட்டுப் புல். அப்போது பாயிலிருந்து குரல் வந்தது. வீங்கிய வாயால் மாரன் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"குட்டை மண்ணுங்க... இந்த வருசம் மேக்கால மூலையில ஆழமாத் தோண்டறாங்க... எங்கப்பன் காலத்துல நோவுல செத்த மாட்டெயெல்லாம் பொதச்ச எடமுங்க அது."

கோடையில் குட்டை வற்றியதும் வண்டலை வெட்டி வண்டி வண்டியாக வயலுக்கும் தோட்டத்துக்கும் அடிப்பது எல்லா ஊரிலும் வழக்கம். அந்த வண்டல் வெட்டிய குழியில் ஊற்று நோண்டித்தான் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவார்கள்; தொழுவத்துக் காளைக்கும் அதே தண்ணீர்தான். பழைய சாவு மண்ணுக்குள் இருந்தது. மண்ணிலிருந்து மாட்டுக்கு, மாட்டிலிருந்து மாரனுக்கு. என் கத்தி அதைத் திரும்பவும் மண்ணில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. இது அத்தனையும் தெரிந்த ஒரே ஆள் அந்த வட்டாரத்தில் மாரன்தான். அவரை நாங்கள் தூக்கு, உரி, அறு என்று ஏவினோமே தவிர, ஒரு வார்த்தை கேட்டதில்லை. டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் குட்டையின் மேற்கு மூலையை முள் போட்டு அடைக்கச் சொல்லிவிட்டு ஈரோட்டுக்கு ஓடினேன். பஸ்ஸும் ரயிலுமாகப் போய் மண்டியைக் கண்டுபிடித்தேன். ராவுத்தர் வெற்றிலை போட்டுக்கொண்டு நான் சொன்னதை முழுதும் கேட்டார். ஆளுயரக் கட்டுகளைக் காட்டினார்.

"இதுல அந்தத் தோலு எதுன்னு நான் எப்புடிங்க தம்பி சொல்றது? இந்த மூணு கட்டுல ஒண்ணுல இருக்கோணும்."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார்.

"இதெப் பிரிச்சு ஒதர்றதே எங்க பசங்கதானுங்க. ஒருத்தன் கையில புண்ணிருந்தாலும் போச்சு. மூணு கட்டெயும் எரிச்சுப்போடலாம். எங்க வெச்சு எரிக்கோணும், அதெ மட்டும் சொல்லுங்க."

பேரம் இல்லை, புலம்பல் இல்லை. மண்ணெண்ணெய் வாங்கிவர அவரே ஆளனுப்பினார். எரிந்து முடியும்வரை காற்றுக்கு எதிர்ப்பக்கம் என்னோடு நின்றுவிட்டு, சாப்பிட்டுப் போகச் சொன்னார். அப்படிப்பட்ட மனிதர்களை நம்பித்தான் நாம் உத்தியோகம் பார்க்கிறோம், மறந்துவிடாதீர்கள்.

மூன்றாம் நாள் திரும்பி வந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலிலேயே டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே உள்ளே கூட்டிப்போனார். வீக்கம் தோளுக்கு இறங்கியிருந்தது. மாரன் சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்! எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன். டாக்டரம்மா, "கஞ்சிக்கு உப்புப் பத்தலீன்னு இப்பத்தான் சண்டை போட்டாருங்க" என்றார். அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அதே மத்தியானம் காளை செத்துப்போனது.

சேதி தெரிந்து நான் போனபோது கொறங்காட்டில் ஊரே நின்றது. செல்லாத்தாள் தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈரம் இல்லை, அழுது தீர்த்திருக்க வேண்டும். குட்டைக்கு வெகு தூரத்தில், மேட்டில், இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டச் சொன்னேன். சுண்ணாம்பு மூட்டைகள் வந்து இறங்கின. காளையின் மூக்கையும் வாயையும் மருந்தில் நனைத்த துணியால் நானே அடைத்தேன். ஒரு கீறல்கூட விழக் கூடாது. தோலோடு அப்படியே குழியில் இறக்க வேண்டும்.

அங்கேதான் என் பயம் இருந்தது. தோல் மாரன் வீட்டு உரிமை. அது சாதாரணத் தோலா, அந்தக் காளையின் தோல்! மாரன் எழுந்து வேலைக்கு வர மாதங்கள் ஆகும். வீட்டில் அடுப்பெரிய வேறு வழி இல்லை. 'தோலைத் தொடாதே' என்று நான் உத்தரவு போட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறலாம். நான் போன பிறகு பசித்தவர்கள் குழியைத் தோண்டினால் யார் தடுப்பது? காவல் போடலாமா என்று மணியக்காரர் கேட்டார். பெரிய அபராதம் என்று தண்டோரா போடலாம் என்றார் இன்னொருவர். குழந்தைகளைப் பார்க்க ஊருக்கு வந்திருந்த ராமாயி, தன் சேரி வளவு ஆட்களோடு கூட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். நான் அவரைத் தேடிப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அரசாங்க விதி, அது இது என்று. அவர் என்னைப் பேசவிடவில்லை.

"சாமி, ஒண்ணு கேக்கறனுங்க. அன்னிக்கி அந்த எருதெ அறுக்கறப்ப, இந்த நோவுதான்னு உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா, தெரியலீங்களா?"

ஊர் முழுதும் கேட்டுக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவிடம் சொன்னேன், செல்லாத்தாளிடம் சொன்னேன். சொல்லவேண்டிய ஆளிடம் அதுவரை சொல்லவில்லை.

"தெரிஞ்சுதுங்க. வயித்தெத் தொறந்ததுமே தெரிஞ்சுது. என்ற தப்பு வெளிய தெரிஞ்சிருமுன்னு உங்க ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லாம உட்டுட்டனுங்க."

அவர் கத்தவில்லை.

"ஒத்த வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா அன்னிக்கே நாங்களே பொதச்சிருப்பமுங்க. எங்களுக்குத் தோலுங்களா பெருசு?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், சுண்ணாம்புக் கூடையை முதலில் அவர்தான் தூக்கினார். வளவு ஆட்கள் பின்னாலேயே போனார்கள். செல்லாத்தாள் எழுந்து இன்னொரு கூடையை எடுத்தார். காவல் எதுவும் போடவில்லை. அந்தக் குழியை ஒருவரும் தொடவில்லை. மாரன் எழுந்து நடமாடும்வரை அந்த வீட்டுக்குத் தானியம் செல்லாத்தாள் தொழுவத்து வண்டியில் போயிற்று.

நடந்ததை உள்ளபடி எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். வாங்கவேண்டியதை வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது நியாயமும்கூட. அதன் பிறகு சர்வீசில் இருந்த வருஷங்கள் பூராவும், ஒரு மாடு செத்தது என்று சேதி வந்தால், நான் முதலில் போய் நின்றது மாட்டுக்காரர் வீட்டில் இல்லை. அதைத் தூக்கப்போகிறவர் வீட்டு வாசலில்.